வெற்றிலையை விட்ட பேச்சியம்மாள்

சிம்பாங் ரெங்கத்துக்கு அப்பால், செம்மண் சாலை முடிகிற இடத்தில் ஒரு கித்தாத் தோட்டம், முழுக்க ரப்பர் மரம். அங்கே பேச்சியம்மாள் குலவை போடாத காரியம் காரியமாகவே கணக்கில் வராது. கல்யாணமா, சடங்கா, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களா, கூப்பிடு பேச்சியை! அவள் நாக்கை ஒரு சுழற்று சுழற்றினால் அந்தச் சத்தம் மேட்டைத் தாண்டிப் போய், பக்கத்துச் சீனர் தோட்டத்து நாய்களையெல்லாம் எழுப்பிவிட்டுத்தான் ஓயும். ஒருமுறை கோயிலில் அவள் போட்ட குலவையைக் கேட்டு, வண்டியில் ஏதோ அறுந்துபோய்க் கிறீச்சிடுகிறதென்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் டிரைவர் காரை நடுவழியில் நிறுத்தி என்ஜின் மூடியைத் திறந்து பார்த்தானாம். துரைக்குக் கோபம். பேச்சிக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ராமநாதபுரத்துச் சீமைக்காரி அவள். முதல் உலகச் சண்டை மூண்ட சமயத்தில், தாலிக்கயிற்றில் மஞ்சள் காய்வதற்கு முன்பே, புருஷன் ஐயாசாமியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள். ஏறியது முதல் இறங்கும்வரை வாந்தி. கரையில் கால் பட்டதும் கடலைத் திரும்பிப் பார்த்து, "இனிமே உம்மேல ஏறுனா நான் பேச்சி இல்ல, போ!" என்று சொல்லிவிட்டு வந்தவள். ஊரில் இருந்த தாயும் தகப்பனும் விஷக்காய்ச்சல் பரவிய வருஷம் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. அதற்காக அவள் மூலையில் உட்காரவும் இல்லை. கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி, ஒரு கோழிக் கூட்டம், பக்கத்து வீட்டு ராசம்மாவோடு காலையில் ஒரு சண்டை, சாயங்காலம் அதே ராசம்மாவோடு ஒரே சட்டிக் குழம்பு. ஐயாசாமி வாய் திறக்காத மனுஷன். இரண்டு பேர் பேச்சையும் பேச்சியே பேசிவிடுவாள். அவன் தலையை ஆட்டினால் போதும்.

இத்தனை பேசுகிற வாய் சும்மா இருக்குமா? வெற்றிலை! காலையில் கண் விழித்ததும் ஒன்று, விடியுமுன் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகும் வழியில் ஒன்று, பால் வெட்டும்போது கன்னக் கொடுப்புக்குள் ஒன்று. இடுப்பில் சுருக்குப்பை இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. தோட்டத்தில் எல்லாரும்தான் போட்டார்கள், எல்லாரும்தான் துப்பினார்கள். ஆனாலும் பேச்சிக்கு ஒதுக்கிய மர நிரை எது என்று கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். எந்த நிரையில் மரத்தடியெல்லாம் செக்கச்செவேலென்று இருக்கிறதோ அது பேச்சியின் நிரை. "உனக்கு மரம் வெட்டுறதுக்குக் கூலியா, சாயம் அடிக்கிறதுக்குக் கூலியாடி?" என்று ராசம்மா கேட்பாள்.

அந்தக் குலவைக்குத்தான் கண் பட்டுவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்து வாக்கில், நீட்டிப் போகிற குலவை நடுவில் அறுந்து அறுந்து விழ ஆரம்பித்தது. மேட்டு நிரையில் பால் வாளியோடு ஏறினால், நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில். முதலில் ராசம்மாதான் கேட்டாள்.

"ஏடி, உன் நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துதுடி."

"கத்தட்டும். எலி இருந்தா பிடிக்கும்ல?"

சிரித்துக்கொண்டே சொன்னாளே தவிர, இருமல் வந்தபோது சிரிக்க முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அமலதாஸ் டிரஸ்ஸர் இருந்தார். டாக்டர் என்று யாரும் கிடையாது. புண்ணுக்கு மருந்து கட்டுவதும், காய்ச்சலுக்கு மிக்சர் கொடுப்பதும், பிரசவத்துக்கு ஓடுவதும் அவர்தான். ஜொகூர் பாருவில் படித்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார், நல்ல மாதிரி. ஆஸ்துமா இழுப்பு என்று சொல்லி ஒரு கசப்பு மிக்சர் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேட்டார்.

"இருமும்போது ரத்தம் கித்தம் வருதா பேச்சி?"

பேச்சி வாயைத் திறந்து காட்டினாள். "பாத்துக்கங்க டிரஸ்ஸர் ஐயா. என் வாயில என்னைக்கு வெள்ளையா வந்திருக்கு?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டிரஸ்ஸரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கேள்வி போன இடம் தெரியவில்லை. மாசா மாசம் மிக்சர் வாங்கினாள், பாதியைக் குடித்து, மீதியை மரவள்ளிக்கு ஊற்றினாள். விசில் நிற்கவில்லை. மரவள்ளி நன்றாகத்தான் வளர்ந்தது.

சரி, மருந்தில் நிற்காதது மாரியம்மனிடம் நிற்கட்டும் என்று அடுத்த வருஷத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். பூசாரி கையில் மஞ்சள் காப்புக் கட்டினார். அந்தத் தோட்டத்தில் காப்புக் கட்டினால் கட்டினதுதான்: கறி மீன் கிடையாது, வெற்றிலை பாக்கு கிடையாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. கறி மீனைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து ராசம்மா கையில் கொடுத்தபோதுதான் கயிற்றை விட மனம் வரவில்லை.

"திருவிழா முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துரணும்க்கா. உள்ள இருக்கிற பாக்கை எண்ணி வச்சிருக்கேன்."

"நீ எண்ணத் தெரிஞ்சவளாடி? போடி."

வெற்றிலையை விட்ட வாய் நாளுக்கு நாள் வெளுத்தது. "யாரு இந்தப் புதுப் பொம்பள?" என்று பெரட்டில் கேலி. பேச்சியும் பல்லைக் காட்டிக் கேலிக்கு இடம் கொடுத்தாள். அப்படி இருக்கும்போது ஒருநாள், நன்றாக விடிந்த பிறகு, மேட்டு நிரையில் இருமல் வந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமித் துப்பினாள். துப்பியதைப் பார்த்தாள். சிவப்பு.

முதலில் அவளுக்குப் புரியவேயில்லை. இத்தனை வருஷமாகப் பார்த்த நிறம்தானே! அடுத்த மரத்துக்கு இரண்டு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. வெற்றிலைதான் இல்லையே. வாயில் பாக்குத்தூள்கூட இல்லையே. அப்படியென்றால் இது என்ன? இன்று வந்ததா, நேற்று வந்ததா? இத்தனை மரத்தடியில் துப்பியதில் எது வெற்றிலை, எது தன் ரத்தம்? காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினாள்.

ஏன் மூடினாள் என்று கேட்பவர்களுக்கு அந்தக் காலத்துத் தோட்டம் தெரியாது. ரத்தமாய் இருமினால் காசநோய் என்பார்கள். காசம் என்றால் கப்பல். காசக்காரர்களை லயத்தில் வைத்திருக்கமாட்டார்கள். லாரியில் ஏற்றி, சிங்கப்பூருக்கு அனுப்பி, நாகப்பட்டினத்துக்குப் போகிற கப்பலில் தள்ளிவிடுவார்கள். கீழ் லயத்துச் செல்லத்தை முந்தின வருஷம் அப்படித்தான் அனுப்பினார்கள். அவளுக்காவது ஊரில் அண்ணன் இருந்தான். பேச்சிக்கு யார் இருக்கிறார்கள்? அங்கே போய் எந்த வாசலில் நிற்பாள்? அவளுடைய அடுப்பு, கோழி, புருஷன், சண்டைக்காரி எல்லாம் இங்கேயல்லவா இருக்கிறது! சாவைக்கூட அவள் அவ்வளவு நினைக்கவில்லை. கப்பலைத்தான் நினைத்தாள்.

நினைக்க நினைக்க ஒரு வழியும் தோன்றியது. ஒரே ஒரு வெற்றிலை. வாயில் போட்டால் போதும், எவனும் கேட்கமாட்டான், எப்போதும் போலப் பேச்சியின் எச்சில். மத்தியானம் ராசம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போய், தன் சுருக்குப்பையை எடுத்து, ஒரு வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பும் தடவிவிட்டாள். வாய்க்குக் கொண்டுபோன கையில் மஞ்சள் காப்பு தெரிந்தது.

"அட போ ஆத்தா, நீயும் சமயம் பாத்துத்தான் கைய பிடிக்கிற!" என்று வாய்விட்டு ஏசினாள்.

ஏசிக்கொண்டே திரும்பினால் வாசலில் ராசம்மா. கையில் மடித்த வெற்றிலையோடு திருடி போல நிற்கிறவளைப் பார்த்து, விரதத்தைக் கெடுக்கிறாளே என்று ராசம்மா ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். பேச்சி பதில் பேசவில்லை. பேச்சி பதில் பேசவில்லையென்றால் உலகத்தில் ஏதோ கெட்டுப்போய்விட்டதென்று ராசம்மாவுக்குத் தெரியாதா? மெல்ல விஷயத்தை வாங்கினாள். வாங்கிய கையோடு அவள் முழங்கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஐயா, இவகிட்ட அன்னைக்குக் கேட்டதை இன்னொருவாட்டி கேளுங்க."

அமலதாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சியின் வெளுத்த வாயைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பேச்சி, இருமும்போது ரத்தம் வருதா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. காப்புக் கட்டிய கையை முந்தானைக்குள் ஒளித்துப் பார்த்தாள். ஒளித்தால் மட்டும் ஆத்தாளுக்குத் தெரியாமல் போய்விடுமா?

"வருதுய்யா," என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். "என்னைய கப்பல்ல ஏத்திராதீங்கய்யா."

டிரஸ்ஸர் குழலைக் காதில் மாட்டி அவள் முதுகில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இடது பக்கம் காற்று தாராளமாகப் போய் வந்தது. வலது பக்கம் மட்டும் விசில். மறுபடி மாற்றி மாற்றிக் கேட்டார்.

"இழுப்புன்னா ரெண்டு பக்கமும்ல கேக்கணும்? காசம்னா ஆளு உருகிப் போயிருக்கணும். நீ பீப்பா மாதிரி இருக்க. காய்ச்சல் வருதா?"

"சோறுதான்யா நல்லா இறங்குது."

"அப்ப இது வேற என்னமோ. நானும் அன்னைக்குச் சிரிச்சிட்டேன், பாரு. முதல்லயே உன் வெத்தலையைப் பிடுங்கியிருக்கணும்."

சளியைக் குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காசக் கிருமி ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. துரை அதற்கெல்லாம் அசைகிற ஆளா? ரத்தம் இருமுகிறவள் லயத்தில் இருக்கக் கூடாது, அடுத்த கப்பலில் அனுப்பு என்றார். அமலதாஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களா வாசலை விட்டு நகரவில்லை. சிங்கப்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு எட்டிப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவர் பார்க்கட்டும், காசமென்றால் அங்கிருந்தே கப்பல் ஏற்றிவிடலாம் என்று மன்றாடினார். எப்படியும் சிங்கப்பூர்தானே போக வேண்டும் என்று துரை சம்மதித்தார். காப்போடு எல்லை தாண்டமாட்டேன் என்று பேச்சி அடம்பிடித்து, திருவிழா முடியும்வரை தங்கினாள். தீச்சட்டியும் எடுத்தாள். மற்றப் பெண்கள் போட்ட குலவையைக் கேட்டு, "இது குலவையா, கொசு அழுவுறதா?" என்று நெருப்புச் சட்டியோடு நின்று திட்டினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புறப்படுகிற அன்று ஐயாசாமி லாரி வரைக்கும் வந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள்: "கோழியைச் சாயங்காலம் எண்ணி அடைய்யா." அவன் தலையை ஆட்டினான். ரெங்கம் ஸ்டேஷனில் டிரஸ்ஸரோடு ரயில் ஏறினாள். ரயில் ஜொகூர் பாருவைத் தாண்டி, கடலுக்குக் குறுக்கே போட்ட பாலத்தில் போனபோது, அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தத் தண்ணீரைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

அவளைச் சேர்த்துவிட்டு டிரஸ்ஸர் அன்றே திரும்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் கெர்ட்ரூட் என்ற தமிழ் நர்ஸ் மிஸ்ஸி இருந்தது அவள் அதிர்ஷ்டம். ஜொகூர் பாருப் பெண். தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, மேசையில் படுக்கவைத்து, தலையைத் தொங்கவிட்டு, அந்த மிஸ்ஸிதான் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும்."

"கொஞ்ச நேரம்னா எம்புட்டு?"

"இப்பவே ஆரம்பிச்சிருச்சும்மா."

பளபளக்கிற இரும்புக் குழாய் வாய் வழியாக இறங்கியது. நுனியில் ஒரு விளக்காம். பேச்சிக்குக் கண்ணீர் காதுக்குள் ஓடியது. வெள்ளைக்கார டாக்டர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார். ஏதோ கிள்ளி எடுத்தார்கள். குழாயை உருவியதும் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "கப்பலா மிஸ்ஸி?" என்பதுதான்.

கிள்ளி எடுத்ததைச் சோதித்துச் சொல்ல நாளானது. அந்த நாட்களில் வார்டு முழுக்க அவள் பேச்சுத்தான் கேட்டது. ஆனால் வாசலில் யாராவது வந்து நின்றால் மட்டும் பேச்சு நின்றுவிடும். கடைசியில் கெர்ட்ரூட் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"காசம் இல்லம்மா. நம்ம வாயில எச்சில் ஊறுதுல்ல, அதுக்குன்னு சின்னச் சின்ன சுரப்பி இருக்கு. அதே ஜாதிச் சுரப்பி மூச்சுக்குழாயிலயும் உண்டாம். அதுல ஒன்னு வளந்து, இலந்தைப்பழம் அளவுக்குக் கட்டியா நின்னு, வலது பக்கம் போற காத்தை அடைச்சிருக்கு. அதான் விசில். வாயில வர்ற கட்டி நுரையீரல்ல வந்திருக்கு, ரொம்ப அபூர்வம்ங்கிறாரு டாக்டர். அவரே புஸ்தகத்துலதான் பாத்திருக்காராம்."

பேச்சி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வாயில இருக்க வேண்டியது நெஞ்சுக்குள்ள வந்து குடியேறிருச்சா? அலமாக், அடியாத்தே! என்னைய மாதிரித்தான். ராமநாதபுரத்துல இருக்க வேண்டியவ ஜொகூர்ல கிடக்கல?" பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "ஆளைக் கொல்லுமா மிஸ்ஸி?"

கெர்ட்ரூட் மழுப்பவில்லை. "மெதுவா வளர்ற ஜாதியாம். குழாய் வழியாவே கொஞ்சம் கொஞ்சமா எடுத்துருவாங்க. ஆனா திரும்ப முளைக்கலாம். வருஷா வருஷம் வந்து காட்டணும். இன்னொன்னு, வெத்தலையை விட்டுரணும். திரும்ப வந்தா முதல்ல ரத்தம்தான் சொல்லும். வெத்தலை போட்டா அது எங்க தெரியும்?"

மறுபடியும் குழாய், மறுபடியும் மூச்சடைப்பு, ஒருதரம் நிறைய ரத்தமும் போய் எல்லாரையும் பயமுறுத்திவிட்டாள். பிறகு ஒரு காலையில் அவள் ஆழமாக மூச்சை இழுத்தபோது வலது நெஞ்சு முழுக்கக் காற்று நிறைந்தது. இத்தனை இடம் உள்ளே இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம். டாக்டர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுச் சிரித்தார். ஒரு மாசத்துக்குக் கத்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று மிஸ்ஸி சொல்லி அனுப்பினாள். பேச்சி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள், ஐயாசாமி போல.

ரெங்கத்துக்குச் சாமான் ஏற்ற வந்த தோட்டத்து லாரி அவளைச் சாலை முனையில் இறக்கிவிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. லயத்துக்குத் திரும்புகிற வளைவில் நின்று தன் வீட்டைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. கோழிக் கூடு திறந்து கிடந்தது, ஒரு கோழியைக் காணோம். மரவள்ளியைப் பூராவும் பிடுங்கியாகிவிட்டது. வாசலில், அவர்கள் கப்பலில் கொண்டுவந்த அதே தகரப் பெட்டி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அதன்மேல் ஐயாசாமி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மடித்த பாய், தூக்குச் சட்டி, இரண்டு தட்டு. இரண்டு!

பைத்தியக்கார மனுஷன். கப்பல் என்று வந்தால் அவளோடு தானும் ஏறிவிடுவதென்று முடிவு கட்டி, வேலையை மேய்க்கிற கங்காணியிடம் சொல்லிவிட்டு, கோழிகளை ராசம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, செய்தி வரட்டும் என்று பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னானா? லாரிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவன் தூரத்தில் அவளைப் பார்த்தான். எழுந்தான். ஆனால் பக்கத்தில் வரவில்லை. என்ன சேதி என்று கேட்க அவனுக்குப் பயம். அங்கேயே நின்றான்.

காசம் இல்லையென்று பேச்சி கத்திச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. டாக்டராவது மிஸ்ஸியாவது! மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்து, கையை வாயருகே வைத்து, நாக்கைச் சுழற்றினாள். குலவை எழுந்தது. எங்கும் அறுபடவில்லை. லயத்தைத் தாண்டி, ரப்பர் ஸ்டோரைத் தாண்டி, மேட்டு நிரையைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கத்து நாய்கள் குரைத்தன. பெண்கள் கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரிக் கதவில் அமலதாஸ் வந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். ஐயாசாமி குனிந்து பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

"முதல்ல என் கோழியை வாங்கிட்டு வாய்யா!" என்று அழுதுகொண்டே ஏசினாள் பேச்சி.

ராசம்மா கோழிகளைக் கூடையோடு கொண்டுவந்தாள். ஒன்று குறைந்தது. "அது போன ஞாயித்துக்கிழமை குழம்பாயிருச்சுடி. உனக்காகத்தான் வேண்டிக்கிட்டு அடிச்சேன்," என்றாள். பேச்சிக்கு அன்று சண்டை போட மனம் வரவில்லை. சுருக்குப்பையை ராசம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள். கொடுத்த பிறகும் ஏழெட்டு நாள் அந்தப் பையைப் பார்த்துப் பார்த்து வாய் ஊறியது. அதற்குமேல் ஒரு புளியங்கொட்டையை வறுத்துக் கொடுப்புக்குள் போட்டுக்கொண்டு சமாளித்தாள்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டானது. பேச்சிக்கு மேட்டு நிரை, ஐயாசாமிக்குப் பள்ளத்து நிரை. விடிந்து மரத்தடி தெரிகிற வெளிச்சம் வந்ததும், மேட்டில் பேச்சி இருமித் துப்பிப் பார்ப்பாள். பள்ளத்தில் ஐயாசாமியின் கத்தி பாதிப் பட்டையில் நிற்கும். பால் சொட்டாமல் எத்தனை மங்குக் கிண்ணம் காத்திருந்தாலும், கங்காணி பின்னால் நின்று சத்தம் போட்டாலும், அந்தக் கத்தி நகராது.

"வெள்ளைய்யா!" என்று மேட்டிலிருந்து குரல் வரும்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, மிச்சப் பட்டையை வெட்டுவான்.